ஊராட்சி அலுவலகத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கப் போகிறீர்களா?

சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையில் "நம்ம ஊர் பஞ்சாயத்து ஆபீசை நானே டிசைன் பண்ணித் தர்றேன்" என்று வாய்விட்டிருக்கும் ஆர்க்கிடெக்ட்டுகள், சிவில் இன்ஜினியர்கள் யாராவது இருந்தால், இறங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதில் கையைவிட்டுப் போன பணம் கிட்டத்தட்ட 1.8 லட்சம். மூன்று வருடத்துக்கு மேல் இழுத்தது. நடுவில் வந்த இரண்டு வீட்டு வேலைகளை இதனால் விட்டேன், அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. கட்டடம் எழும்பி நிற்கிறது, அதில் சந்தோஷம்தான். ஆனால் யாராவது முன்கூட்டியே நாலு விஷயம் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். ஊர்ப் பெயர், ஆட்கள் பெயர் எதையும் எழுதவில்லை. நல்லவர்களும் உண்டு, மற்றவர்களும் உண்டு, எல்லோரும் இன்னும் அங்கேயேதான் வேலை பார்க்கிறார்கள்.

எங்கள் ஊர் காவிரி டெல்டாவின் கடைமடை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் பகுதியில் ஓட்டு வீடு, கூரை வீடு எதுவும் மிஞ்சவில்லை. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சனங்கள் பள்ளிக்கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் கிடந்தார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காததால் அப்போது தலைவரே கிடையாது, தனி அலுவலர் நிர்வாகம். சாவி யாரிடம் என்று தேடித் திறந்தபோது உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர், பழைய ரசீதுப் புத்தகங்கள் ஊறிக் கிடந்தன. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து புதிதாக வந்த தலைவர் எனக்கு அக்கா முறை. "தம்பி, நீங்க படிச்சது இதுக்குத்தானே, வரைஞ்சு குடுங்க, கட்டிப்புடலாம்" என்றார். கொரோனாவால் கிராம சபைகள் தள்ளித் தள்ளிப் போய் கடைசியில் 2021 அக்டோபர் 2 கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். அத்தனை பேரும் கை தட்டினார்கள். வேலை பாதி முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முதல் அடி நிலத்தில் விழுந்தது. ஊருக்கு நடுவில், கோயிலுக்குத் தெற்கே காலி இடம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அங்கே தண்ணீர் நின்று பார்த்ததில்லை, பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், பொங்கலுக்குக் கபடி நடக்கும். ஊரில் எல்லோரும் "அது பஞ்சாயத்து இடம்தான்" என்றார்கள். தனியார் சர்வேயர் வைத்து அளந்தோம், மண் பரிசோதனைக்கு இரண்டு இடத்தில் துளை போட்டோம், நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைபடம் முடித்தேன். அப்புறம் கோப்பு தாலுகாவுக்குப் போனபோதுதான், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் "குட்டை" என்று இருப்பது தெரிந்தது. நீர்நிலைப் புறம்போக்கு. தரையில் புல் முளைத்திருந்தாலும் காகிதத்தில் அது தண்ணீர். நீர்நிலைகளில் அரசுக் கட்டடமே ஆனாலும் கூடாது என்பதில் உயர் நீதிமன்றம் கண்டிப்பாக இருக்கிறது, எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார். போடவும் கூடாது, சொல்லப்போனால் எங்கள் ஊரில் மழைநீர் தேங்க இன்னும் இரண்டு குட்டை வேண்டும். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை. சர்வே, மண் பரிசோதனை, பிரிண்ட் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் என் கையிலிருந்து போயிருந்தது, வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் படுத்துவிட்டேன்.

ஆகவே பென்சிலைத் தொடுவதற்கு முன் விஏஓவிடம் போய் அ-பதிவேட்டு நகலும் புல வரைபடமும் வாங்குங்கள். ஊரார் சொல்லும் "பஞ்சாயத்து இடம்" என்பதற்குப் பல அர்த்தம் உண்டு. நத்தமாக (குடியிருப்பு நிலம்) இருந்தால் ஒரு மாதிரி, களம், மந்தை என்று இருந்தால் ஒரு மாதிரி, மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்) என்றால் மாற்று இடம் காட்டும் பேச்சு வரும், நீர்நிலை என்றால் அத்தோடு மறந்துவிட வேண்டியதுதான். பழைய கட்டடம் இடித்த இடம் கிடைத்தால் விடாதீர்கள், அதற்கு ஏற்கெனவே காகிதம் இருக்கும். எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது அப்படி ஓர் இடம்தான்: அந்தக் காலத்து டிவி ரூம். பஞ்சாயத்து டிவி வைத்து ஊரே உட்கார்ந்து பார்த்த அறை, கூரை பெயர்ந்து கம்பி தெரிந்துகொண்டிருந்தது. அதை இடிக்க இன்ஜினியரிடம் சான்று வாங்கி, ஒன்றியத்தில் அனுமதி வாங்கி, அதற்கே மாதங்கள் ஓடின.

டிவி ரூம் இடத்துக்கு ஊருக்குள் எதிர்ப்பு வந்தது. வெளிப்படையாகச் சொன்ன காரணம், "ஊருக்கு ஒதுக்குப்புறமா இருக்கு". உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரியும். அது ஊருக்கும் காலனிக்கும் நடுவில், இரண்டு பக்கத்துக்கும் சம தூரத்தில் இருந்தது. கோயில் பக்கத்து இடம் என்றால் காலனிக்காரர்கள் வேலை இருந்தால் மட்டும் வந்து, ஓரமாக நின்று, போய்விடுவார்கள். சேரியிலிருந்து ஜெயித்து வந்த தலைவரை நாற்காலியில் உட்கார விடாத ஊர்களைப் பற்றிச் செய்தி வராத வருடம் இல்லை. தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் 1996-இல் தொடங்கி 2006 வரை தேர்தலையே ஒழுங்காக நடத்த முடியாமல் இருந்ததை நாம் இன்னும் மறக்கவில்லை. இடம் தேர்வு செய்வதிலேயே அந்தக் கட்டடம் யாருக்கு என்பது பாதி முடிவாகிவிடுகிறது, இதை எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அக்கா இதில் அசையவில்லை. "கோயிலுக்கு வர்றவங்க கோயிலுக்கு வரட்டும், ஆபீசுக்கு வர்றவங்க ஆபீசுக்கு வரட்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதற்கப்புறம் சில வீடுகளில் எனக்குக் காப்பி கொடுப்பது நின்றுபோனது.

சரி, டிசைனுக்கு வருகிறேன். சனங்களிடம் கேட்டு வடிவமைக்க வேண்டும் என்று படித்திருக்கிறோம் இல்லையா, நானும் கிராம சபையில் மைக்கைப் பிடித்துக் கேட்டேன். "நல்லா கட்டுங்க", "ஏசி போடுங்க", "மாடி வைங்க", இவ்வளவுதான் வந்தது. அவர்கள் மேல் தப்பில்லை, இல்லாத கட்டடத்தைப் பற்றி யார் என்ன சொல்வார்கள்? பயன்பட்டது வேறு. பழைய ஆபீஸ் வாசலில் காலை நேரங்களில் சும்மா போய் உட்கார்ந்தேன். யார் வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தேன். தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வருபவர், வீட்டு வரி கட்டுபவர், நூறு நாள் வேலை அட்டையோடு வருபவர்கள், முதியோர் உதவித்தொகை ஏன் நின்றது என்று கேட்பவர்கள். தாழ்வாரத்தில் வேலையில்லாத ஆம்பளைகள் நாலு பேர் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள், அதனால் பெண்கள் வாசல் வழியாக வருவதே இல்லை. ஒரு பாட்டி பக்கவாட்டுச் சந்து வழியாகப் போய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்த அட்டையைக் கம்பிக்கு நடுவே நீட்டினார். உள்ளே செயலர் நாற்காலியைத் திருப்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கினார், இரண்டு பேருக்கும் அது வருடக்கணக்கான பழக்கம் போல இருந்தது. அந்த ஜன்னல் அவருக்கு உயரம், குதிகாலைத் தூக்கி நின்றுகொண்டுதான் பேசினார்.

என் வரைபடத்தின் முதல் கோடு அந்த ஜன்னலில் இருந்துதான் வந்தது. செயலரின் மேசையை ஜன்னலோடு ஒட்டிப் போட்டேன். ஜன்னலின் அடிப்பகுதி இரண்டரை அடி உயரம், வெளியே அதை ஒட்டி ஒன்றரை அடியில் ஒரு திண்ணை. வருபவர் உட்கார்ந்து பேசலாம், உள்ளே இருப்பவரும் உட்கார்ந்திருப்பார், முகம் முகத்துக்கு நேராக இருக்கும். இந்தத் திண்ணைக்கு வருகிற வழி, முன்தாழ்வாரத்தைத் தொடாமல் தனியாக வருகிறது. சும்மா உட்காரும் ஆம்பளைகளை எந்தக் கட்டடத்தாலும் துரத்த முடியாது, அவர்களுக்கும் நிழல் வேண்டும்தானே, ஆனால் மற்றவர்கள் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிடலாம்.

அடுத்து கூடம். ஒன்றியத்தில் வைத்திருக்கும் டைப் டிசைனில், அதாவது எல்லா ஊருக்கும் பொதுவான மாதிரி வரைபடத்தில், தலைவர் அறை, செயலர் அறை, ஒரு கூட்ட அறை இருக்கும். அந்தக் கூட்ட அறையில் நெருக்கி உட்கார்ந்தால் 40 பேர். எங்கள் ஊரின் மக்கள்தொகை 3,000-ஐத் தாண்டும். அந்த அளவு ஊருக்குக் கிராம சபையின் குறைந்தபட்ச வருகை 200 பேர். 200 பேர் தரையில் உட்கார 1,400 சதுர அடியாவது வேண்டும், கையில் இருந்த பணமோ மொத்தக் கட்டடத்துக்கே சுமார் 40 லட்சம்தான். ஆக, ஊர் கூடுகிற சபைக்கு ஊர் ஆபீசில் இடமே இல்லை, 40 பேர் அறை வார்டு உறுப்பினர் கூட்டத்துக்குத்தான். நான் அந்த அறையைச் சின்னதாக்கி, மிச்சத்தை எட்டடி அகலத் தாழ்வாரமாக இழுத்து, அதற்கு முன்னால் இருக்கும் முற்றத்தைத்தான் சபையாக எடுத்துக்கொண்டேன். தாழ்வாரத்தின் ஒரு முனை மேடை. இடத்தில் ஏற்கெனவே ஒரு பூவரசும் இரண்டு வேம்பும் இருந்தன, கட்டடத்தைத்தான் மரத்துக்கு ஏற்ற மாதிரி நகர்த்தினேன்.

இதில் வெயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், சென்னையிலோ டெல்டாவிலோ கட்டுகிற யாருக்கும் உதவும். கிராம சபை நாட்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, 2022-லிருந்து மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்துகொண்டன. எங்கள் அட்சரேகையில் மே 1-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் உச்சி வெயில் ஏறக்குறைய நேர் மேலே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கும். அதனால் "வடக்கு வாசல் வைத்தால் நிழல்" என்ற பொதுக் கணக்கு அந்த இரண்டு நாளும் செல்லாது, தலைக்கு மேலே கூரையோ மரமோ இருந்தால்தான் உண்டு. நவம்பர் 1-க்கோ வடகிழக்குப் பருவமழை, சாரல் நேராக வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும். நான் வடக்கே தாழ்வாரம் வைத்துவிட்டுச் சாரலுக்காகக் கூரையை நன்றாகத் தாழ்த்தி இழுத்தேன், எஸ்டிமேட்டில் அதை ஓரடி வெட்டிவிட்டார்கள். அந்த ஓரடியின் கதை பின்னால் வருகிறது.

எஸ்டிமேட்தான் உண்மையான வரைபடம். நாம் வரைவது படம், அவ்வளவே. நான் குறைந்த செலவுக் கட்டடங்களுக்குப் பெயர்போன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் மேல் பைத்தியம், திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தைப் படிக்கும் காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன், எலிப்பொறிக் கட்டுச் சுவரும் ஓடு பதித்த கான்கிரீட் தளமும் இல்லாமல் என்ன கட்டடம் என்று இருந்தேன். எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவதால் செங்கல் கால்வாசி மிச்சமாகும், வெக்கையும் குறையும், செலவும் குறையும், அரசாங்கத்துக்கு வேறென்ன வேண்டும்? ஓவர்சியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார், "சார், இதுக்கு ரேட் எங்க இருக்கு?" பொதுப்பணித் துறை விலை விவரப் பட்டியலில் இல்லாத ஐட்டம் என்றால் அதற்குத் தனியாகக் கணக்குத் தயாரித்து, மேலே அனுப்பி, ஒப்புதல் வாங்கி, அதற்குள் நிதியாண்டு முடிந்து, பணம் திரும்பிப் போகும். அவர் சொன்னது மிரட்டல் இல்லை, அவர் பார்த்தது. ஒரு வாரம் கோபமாக இருந்துவிட்டு, பட்டியலில் இருக்கும் சாதாரணச் செங்கல், சாதாரண கான்கிரீட்டிலேயே எல்லாவற்றையும் திருப்பி வரைந்தேன். இப்போது யோசித்தால், பொருளில் புதுமை காட்டுவதை விட்டுவிட்டு அமைப்பில் பிடிவாதம் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். திண்ணைக்கும் அகலத் தாழ்வாரத்துக்கும் தாழ்வான ஜன்னலுக்கும் எந்தத் தனி ரேட்டும் தேவையில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த எஸ்டிமேட்டில் எங்கே தேடினாலும் ஆர்க்கிடெக்ட் கட்டணம் என்று ஒரு வரி இல்லை. டைப் டிசைன் இருக்கும்போது தனியாக ஒருவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் பக்க நியாயம். நான் கட்டணம் எதிர்பார்க்கவில்லைதான், ஆனால் கட்டணம் வாங்காதவனுக்கு அந்த ஆபீஸ்களில் நாற்காலியும் கிடையாது என்பது போகப்போகப் புரிந்தது. "நீங்க யாரு சார்?" என்று ஒரு ஆபீசில் கேட்டபோது என்னிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தீர்மானத்தில் "வடிவமைப்பு ஆலோசகராக இன்னாரை நியமிக்கிறது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், கட்டணம் ஒரு ரூபாய் என்றே இருக்கட்டும். அதன் நகல் ஒன்று பையிலேயே இருக்கட்டும்.

மண்ணில் அடுத்த பூதம். எங்கள் பகுதி களிமண், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். டைப் எஸ்டிமேட்டில் நாலடி ஆழச் சாதாரண அஸ்திவாரம். அப்படிக் கட்டிய சத்துணவுக் கூடம் பக்கத்திலேயே மூலைக்கு மூலை வெடித்து நிற்கிறது, அதைக் காட்டித்தான் வாதாடினேன். அடியில் பருத்த பைல் (ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்) போட வேண்டும் என்று இரண்டாவது மண் பரிசோதனை அறிக்கையை வைத்தேன், அதற்கும் நான்தான் பணம் கட்டினேன். செலவு ஏறியது, திருத்திய எஸ்டிமேட், திரும்பத் தொழில்நுட்ப அனுமதி, திரும்ப நிர்வாக அனுமதி. கோப்பு ஒரு மேசையில் பொங்கலுக்கு முன் உட்கார்ந்து சித்திரையில்தான் எழுந்தது. இந்தக் காலத்தில் எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது, போனில் அக்காவின் பெயர் வந்தாலே எடுக்காமல் விட்ட நாட்கள் உண்டு. களிமண் ஊர் என்றால் முதல் எஸ்டிமேட்டிலேயே அஸ்திவாரத்தைச் சரியாகப் போட வையுங்கள், பக்கத்தில் வெடித்து நிற்கும் அரசுக் கட்டடங்களைப் போட்டோ எடுத்துக் கோப்பிலேயே இணையுங்கள். அறிக்கையை விடப் போட்டோ வேகமாக நகர்கிறது.

கட்டத் தொடங்கியதும் சாய்தளத்தில் வந்து நின்றது சண்டை. வெள்ளத்துக்காகத் தரைமட்டத்தை மூன்றடி தூக்கியிருந்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம் ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் போக வேண்டும், ஆக 36 அடி, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம் வேறு. அந்த இடத்தில் அவ்வளவு நீளம் கிடையாது. அதனால் முற்றத்தையே தெருவிலிருந்து மெதுவாக ஒன்றரை அடி உயர்த்தி, மிச்ச ஒன்றரை அடிக்கு மட்டும் 18 அடிச் சாய்தளம் வரைந்தேன். என் படத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான். ஒரு மாதம் உடம்பு சரியில்லாமல் போகாமல் இருந்து, திரும்பிப் போய்ப் பார்த்தால் முற்றத்தில் மண் கொட்டவில்லை, தரையிலிருந்து நேராக மூன்றடிக்கு, 15 அடி நீளத்தில் செங்குத்தாக ஒரு சறுக்கு. கான்ட்ராக்டர் என் முன்னாலேயே பைக்கை அதில் ஏற்றிக் காட்டினார். "பாருங்க, ஜம்முனு ஏறுது." எங்கள் ஊரில் மூன்று சக்கர வண்டியில் வரும் ஒருவரைக் கூப்பிட்டு ஏறச் சொன்னேன். பாதியில் வண்டி பின்னால் உருண்டது, நாலு பேர் பிடித்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, "பரவால்ல, கீழ இருந்தே கூப்புடுறேன்" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் கான்ட்ராக்டர் மேல் மட்டும் இல்லை. எஸ்டிமேட்டைப் புரட்டிப் பார்த்தால் "சாய்தளம் - 1" என்று மட்டும் இருக்கிறது, நீளம் இல்லை, முற்றம் நிரப்பும் மண்ணுக்கு ஐட்டமே இல்லை. எம் புக்கில், அதாவது பணம் கொடுக்க வேலையை அளந்து எழுதும் புத்தகத்தில், எழுத முடியாத வேலையைக் கான்ட்ராக்டர் எதற்குச் செய்வார்? இடித்துக் கட்ட, மண் அடிக்க, 62,000 ஆனது. ஊரில் சிலர் டிராக்டர் கொடுத்தார்கள், பாதிக்கு மேல் நான் போட்டேன்.

எனவே வரைபடத்தில் நீங்கள் உயிரைவிடும் இடம் எதுவோ அதை அளவோடு, தனி ஐட்டமாக, எஸ்டிமேட்டில் எழுத வையுங்கள். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, அதைக் காட்டினால் யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் காட்டுவதில்லை என்பதுதான் விஷயம். தினமும் தளத்துக்குப் போக நம்மால் முடியாது. நூல் கட்டி மார்க் பண்ணும்போது, தரைமட்டத்து பிளிந்த் பீம் போடும்போது, கதவு ஜன்னல் தலைக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில், தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முதல் நாள், இந்த நாலு நேரத்தில் எப்படியாவது அங்கே இருங்கள். மற்ற நாட்களுக்குக் கொத்தனாரோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தலைமைக் கொத்தனார்தான் ஜன்னல் உயரம் மாறாமல் காப்பாற்றினார், அவர் அம்மாவும் அந்தச் சந்து வழியாகத்தான் போவாராம்.

கழிப்பறை பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாக. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆன பிறகும் ஆபீஸ்களில் பெண்கள் கழிப்பறை ஸ்டோர் ரூமாகத்தான் இருக்கிறது. உள்ளே ஒன்று, வெளியிலிருந்து போகிற மாதிரி ஒன்று என்று வைத்தோம், வெளியே உள்ளதன் கதவு தெருவைப் பார்க்காமல், ஆனால் திண்ணையில் இருப்பவர்கள் கண்ணில் படுகிற மாதிரி. கட்டடம் திறந்த மறுவாரமே பூட்டிவிட்டார்கள், அசிங்கம் பண்ணுகிறார்களாம். தூய்மைக் காவலர் அம்மாவிடம் உட்கார்ந்து பேசியபோதுதான் காரணம் தெரிந்தது: கழுவத் தண்ணீர்க் குழாய் பின்பக்கம், அங்கிருந்து வாளியில் தூக்க வேண்டும். ஓஸ் மாட்டுகிற குழாய் ஒன்றைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்ததும் பூட்டு போய்விட்டது. யார் கழுவுவார்கள் என்று கேட்காமல் யாரும் கழிப்பறை வரையாதீர்கள்.

இன்னொரு ஆசையும் நிறைவேறியது. உத்திரமேரூரில் குடவோலைத் தேர்தல் விதிகளைப் பராந்தகச் சோழன் காலத்தில், 919-ஐயும் 921-ஐயும் ஒட்டி, சபை கூடிய மண்டபத்தின் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். கணக்குக் காட்டாதவர் போட்டியிட முடியாது என்பது வரை அதில் இருக்கிறது. (பெண்களுக்கும் நிலம் இல்லாதவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது என்பதையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும், அந்தக் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.) நான் எடுத்துக்கொண்டது சுவரை மட்டும். பஸ் நிற்கும் பக்கத்துச் சுவரில் ஜன்னல் எதுவும் வைக்காமல், கறுப்பு அடித்து, மேலே சின்னதாக சன்ஷேடு போட்டு, மாத வரவு செலவு எழுத விட்டேன். பிளெக்ஸ் போர்டு வேண்டாம் என்று சண்டை போட்டேன், பிளெக்ஸ் ஒருமுறை அடித்தால் மாறாது. அக்கா இருந்தவரை மாதாமாதம் எழுதினார்கள்.

"இருந்தவரை" என்று எழுதுகிறேன், ஏனென்றால் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் மாவட்டம் உட்பட, 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர் வந்துவிட்டார். இதுவும் திட்டமிடும்போது கவனிக்க வேண்டிய தேதி. ஐந்து வருடத்தில் முதல் வருடம் தலைவருக்குப் பழகவே போய்விடும், கடைசி வருடம் யாரும் புதிதாக எதிலும் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள், நடுவில் இருக்கிற மூன்று வருடம்தான் நமக்கு. நாங்கள் 2024 ஆடி கழிந்து திறந்தோம், பதவிக்காலம் முடியச் சில மாதங்களே இருந்தன. அந்த நவம்பர் கடைசியில் டெல்டாவில் கொட்டிய மழைக்குத் தாழ்ந்த தெருக்காரர்கள் பாய், அடுப்பு, ஆடு சகிதம் அங்கேதான் வந்து தங்கினார்கள். உள்ளே தண்ணீர் வரவில்லை. ஆனால் தாழ்வாரத்தின் வடக்கு விளிம்பில் மூன்றடிக்குச் சாரல் நனைத்துக்கொண்டே இருந்தது, எஸ்டிமேட்டில் வெட்டிய அந்த ஓரடிக் கூரை. தார்ப்பாய் கட்டிச் சமாளித்தார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து "கொஞ்சம் இழுத்து விட்டிருக்கலாம்ல தம்பி" என்றார். யார் வெட்டினார்கள் என்று அவரிடம் விளக்கிக்கொண்டா இருக்க முடியும்?

பக்கத்து ஊராட்சியின் முன்னாள் தலைவர் ஒருவர் கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போன மாதம் போன் செய்தார், அடுத்த தேர்தலில் ஜெயித்தால் அவர் ஊருக்கும் இதே மாதிரி வேண்டுமாம். நல்லதுங்கண்ணே என்றேன். அ-பதிவேட்டு நகல் முதலில், தீர்மானத்தில் என் பெயர், மண் பரிசோதனைச் செலவு ஊராட்சிப் பொது நிதியிலிருந்து, எஸ்டிமேட் போடும்போது நானும் ஓவர்சியர் பக்கத்தில் உட்காருவேன், எனக்குக் கட்டணம் 25,000 என்று சொன்னேன். "கட்டணமா? அந்த ஊருக்குச் சும்மாதானே செஞ்சு குடுத்தீங்க" என்றார். யோசித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தார், இன்னும் கூப்பிடவில்லை.